செட்டில்மென்ட்: ஒரே வார்த்தை, அஞ்சு இடம், அஞ்சு அர்த்தம். கையெழுத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது



"பையன் துபாய்ல செட்டில் ஆயிட்டான்."
"ஹோட்டல் பில்லை நான் செட்டில் பண்ணிடுறேன்."
"அப்பா வீட்டை அக்கா பேருக்கு செட்டில்மென்ட் எழுதிட்டாரு."
"கிரெடிட் கார்டு கடனை செட்டில்மென்ட்ல முடிச்சிட்டேன்."

நாலு வாக்கியம். நாலுலயும் இருக்கிறது ஒரே இங்கிலீஷ் வார்த்தை. முதல் மூணும் நல்ல செய்தி. நாலாவதைச் சொல்றவரும் சந்தோஷமாத்தான் சொல்றார். ஆனா அவர் அடுத்த வருஷம் வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் அந்த வார்த்தைக்கு பேங்க்ல என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியவரும்.

கடன், சொத்து, இன்சூரன்ஸ், வேலை, ஷேர் மார்க்கெட்னு பணம் புழங்குற எல்லா இடத்துலயும் இந்த "செட்டில்மென்ட்" வருது. ஒவ்வொரு இடத்துலயும் அர்த்தம் வேற, விளைவும் வேற. இன்னைக்கு இதை ஒண்ணு ஒண்ணா பிரிச்சுப் பார்க்கலாம். பதிவு கொஞ்சம் நீளம்தான். உங்களுக்கு இப்போ எது தேவையோ அந்தப் பகுதிக்கு நேரா போயிடலாம். ஆனா கடன் பகுதியை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

முதல்ல, வார்த்தையோட அடிப்படை

பழைய இங்கிலீஷ்ல "செட்டில்"ங்கிற சொல்லுக்கு இருக்கை, உட்காரும் இடம்னு அர்த்தம். அதிலிருந்து வந்ததுதான் இன்னைக்கு நாம பயன்படுத்துற வார்த்தை. கலங்கின தண்ணியில மண் அடியில போய் படியுதே, அதுவும் இங்கிலீஷ்ல "செட்டில்"தான். ஊர் ஊரா அலைஞ்சவர் ஒரு இடத்துல குடியேறினாலும் "செட்டில்"தான். ரெண்டு பேருக்குள்ள இருந்த வழக்கைப் பேசி முடிச்சாலும் அதேதான்.

ஆக, ஆடிக்கிட்டிருந்த ஒரு விஷயம் அடங்கி ஒரு இடத்துல உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம். சுருக்கமா, "விஷயம் முடிஞ்சுது".

இங்கதான் கவனம் வேணும். முடிஞ்சுதுன்னு மட்டும்தான் இந்த வார்த்தை சொல்லுது. முழுசா முடிஞ்சுதா, பாதியில பேசி முடிச்சாங்களா, யாருக்குச் சாதகமா முடிஞ்சுதுங்கிறதை அது சொல்லாது. அதை நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

1. கடன்: "செட்டில்டு" வேற, "குளோஸ்டு" வேற

கார்டு பில்லோ பர்சனல் லோன் தவணையோ சில மாசம் கட்ட முடியாம போச்சுன்னு வைங்க. ஒரு நாள் போன் வரும். "சார், உங்களுக்கு ஒரு செட்டில்மென்ட் ஆஃபர் வந்திருக்கு. 1,20,000 கட்ட வேண்டியது, 50,000 கட்டுங்க போதும். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்."

கேட்க இனிப்பா இருக்கும். 70,000 மிச்சம்னு தோணும். ஆனா அந்த 70,000-ஐ பேங்க் உங்களுக்குத் தள்ளுபடி விலையில கொடுக்கல. வராத கடன்ல வந்த வரைக்கும் லாபம்னு எடுத்துக்கிட்டு, மீதியைத் தன்னோட நஷ்டமா எழுதுது. இதுக்கு ரிசர்வ் வங்கி வச்சிருக்கிற பெயர் சமரசத் தீர்வு. வர வேண்டியதுல ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து கணக்கை முடிக்கிறது.

அந்த நஷ்டத்தோட தடயம் உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல உட்காரும். அங்கே ஒரு கடன் கணக்கு பெரும்பாலும் இந்த நிலைகள்ல ஒண்ணுல இருக்கும்:

• குளோஸ்டு: முழுப் பணமும் கட்டி முடிச்ச கணக்கு.
• செட்டில்டு: குறைச்சுக் கட்டி, பேசி முடிச்ச கணக்கு.
• ரிட்டன் ஆஃப்: வராதுன்னு பேங்க் தன் கணக்குல எழுதிட்ட கடன். நீங்க கட்ட வேண்டிய கடமை இதனால போயிடாது.
• எழுதின பிறகு செட்டில்டு: முதல்ல வராக்கடன்னு எழுதி, அப்புறம் ஒரு தொகைக்குப் பேசி முடிச்சது.

நம்ம ஊர்ப் பேச்சுல "செட்டில் பண்ணிட்டேன்"னா கடனைத் தீர்த்துட்டேன்னு பெருமையா சொல்றது. ரிப்போர்ட் மொழியில "செட்டில்டு"ன்னா இவர் முழுசா கட்டலைன்னு அர்த்தம். புதுசா கடன் கொடுக்கப் போற அதிகாரி முதல்ல பார்க்குறது இதைத்தான். இந்தப் பதிவு ஓரிரு மாசத்துல மறையாது, பல வருஷம் நிற்கும்.

இன்னொரு விஷயம். 2023 ஜூன் 8-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, சமரசத் தீர்வு செஞ்சவருக்கு அதே நிறுவனம் மறுபடியும் கடன் கொடுக்கணும்னா குறைந்தது 12 மாசம் காத்திருக்கணும். விவசாயக் கடன் அல்லாத கடன்களுக்கு இது பொருந்தும். 12 மாசத்துக்கு மேலயும் அந்த நிறுவனம் வச்சுக்கலாம். மத்த பேங்குக்கு இந்தக் கணக்கு இல்லை, ஆனா அவங்களும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க.

இப்போ அந்த 70,000 மிச்சத்துக்கு என்ன விலைன்னு பார்ப்போம். மூணு வருஷம் கழிச்சு 30 லட்சம் வீட்டுக் கடன், 20 வருஷத்துக்குக் கேட்குறீங்க. நல்ல ரிப்போர்ட் இருந்தா 8.5% வட்டின்னு வைங்க. தவணை சுமார் 26,035 ரூபாய். "செட்டில்டு" இருக்கிறதால ஒரு பேச்சுக்கு 1% கூட, 9.5%-ல கிடைக்குதுன்னா தவணை சுமார் 27,964. மாசம் 1,929 வித்தியாசம். 240 மாசத்துக்குப் பெருக்கினா 4.6 லட்சத்துக்கு மேல. கடனே கிடைக்காம போனா அதுக்குக் கணக்கே கிடையாது.

அப்போ செட்டில்மென்ட்டே தப்பா?

அப்படிச் சொல்ல மாட்டேன். வேலை போச்சு, வீட்டுல பெரிய மருத்துவச் செலவு, வருமானத்துக்கு வழியே தெரியலைன்னா, கடன் நாளுக்கு நாள் வட்டியோட வளர்றதை விட பேசி முடிக்கிறது மேல். ஆனா அது கடைசிப் படி. அதுக்கு முன்னாடி மூணு படி இருக்கு.

முதல் படி, தவணையா மாத்தித் தரச் சொல்லுங்க. கார்டு பாக்கியைக் குறைஞ்ச வட்டியில மாசத் தவணையா பல பேங்க் மாத்தித் தருது. ரெண்டாவது, கடன் காலத்தை நீட்டிக் கேளுங்க. மூணாவது, அபராதத்தையும் தாமதக் கட்டணத்தையும் மட்டும் குறைக்கச் சொல்லி, மீதியை முழுசா கட்டி "குளோஸ்டு"ன்னே பதிவு பண்ணித் தர முடியுமான்னு கேளுங்க. ஒத்துக்கிட்டா எழுத்துல வாங்கிக்கோங்க.

மூணும் நடக்கலை, செட்டில்மென்ட்தான் வழின்னா இதையெல்லாம் விடாம செய்யுங்க:

• போன்லயும் வாட்ஸ்அப்லயும் சொன்ன பேச்சை நம்பி ஒரு ரூபாய் கூட கட்டாதீங்க. பேங்க் லெட்டர்ஹெட்ல கடிதம் வேணும். அதுல கடன் கணக்கு எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, "இதுக்கு மேல பாக்கி எதுவும் கோர மாட்டோம்"ங்கிற வரி, எல்லாம் இருக்கணும்.
• பணம் நேரா உங்க கடன் கணக்குக்கோ கார்டு கணக்குக்கோ போகணும். வசூலுக்கு வர்றவரோட சொந்த யு.பி.ஐ.க்கு அனுப்பாதீங்க.
• தவணையில கட்ட ஒத்துக்கிட்டா, ஒரு தவணை தவறினா ஒப்பந்தம் என்ன ஆகும்னு முன்னாடியே கேளுங்க.
• யாராவது ஜாமீன் போட்டிருந்தா, அவர் பொறுப்பும் தீர்ந்துடுச்சுன்னு அந்தக் கடிதத்துலயே எழுதி வாங்குங்க.
• கட்டி முடிச்சதும் பாக்கி இல்லைச் சான்று வாங்குங்க. சில வாரம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து, அதுல பாக்கி பூஜ்யம்னு இருக்கான்னு பாருங்க.

ஏற்கெனவே "செட்டில்டு"ன்னு இருக்கிறவங்க மனசு விட வேண்டாம். கையில பணம் வந்ததும் அதே பேங்குக்குப் போய், அன்னைக்கு விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டிடுறேன், "குளோஸ்டு"ன்னு மாத்திக் கொடுங்கன்னு எழுத்துல கேளுங்க. செய்யறது அவங்க முடிவுதான், ஆனா பேசிப் பார்க்கிறதுல தப்பே இல்லை. கட்டுறதுக்கு முன்னாடி, மாத்தித் தர்றோம்ங்கிற உறுதியை எழுத்துல வாங்கிடுங்க.

"தவணை கட்டுறதை நிறுத்துங்க, நாங்க பேங்க்கிட்ட பேசி பாதிக்கு முடிச்சுத் தர்றோம், எங்களுக்குக் கட்டணம் மட்டும் கொடுங்க"ன்னு விளம்பரம் பண்ற ஆட்களும் இருக்காங்க. தவணையை நிறுத்தின மாசத்துல இருந்தே உங்க ரிப்போர்ட் கெட ஆரம்பிக்கும். அவங்க சொல்ற பேச்சுவார்த்தையை நீங்களே இலவசமா நடத்தலாம்.

பேச்சுல ஒரு சின்ன திருத்தம்

கையில பணம் வந்து, கடனை முன்கூட்டியே முழுசா கட்டப் போறீங்களா? பேங்க்ல போய் "லோனை செட்டில் பண்ணணும்"னு சொல்லாதீங்க. மெயில்லயும் அப்படி எழுதாதீங்க. "முன்கூட்டியே முழுசா கட்டி கணக்கை மூடணும்"னு சொல்லுங்க. பேங்க்காரங்க அதை ஃபோர்குளோஷர், ப்ரீகுளோஷர்னு சொல்வாங்க. உங்க நோக்கம் சரியா இருந்தும் வார்த்தை மாறிப் போய் குழப்பம் வர வேண்டாம்.

வீட்டுக் கடனை முடிச்சவங்களுக்கு ஒரு உரிமை இருக்கு. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுசா முடிஞ்ச 30 நாளுக்குள்ள அசல் பத்திரங்களை பேங்க் திருப்பித் தரணும். அவங்க பக்கத் தாமதத்தால அது தள்ளிப் போனா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு.

2. சொத்து: செட்டில்மென்ட் பத்திரம்

இப்போ அடுத்த இடம், சார்பதிவாளர் அலுவலகம். இங்க "செட்டில்மென்ட்"னா கடன் கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஒருத்தர் தன் சொத்தைப் பணம் வாங்காம குடும்பத்துல ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்கிறது. தான செட்டில்மென்ட்னும் சொல்வாங்க. 1899-ம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டத்துலயே இதுக்கு விளக்கம் இருக்கு. குடும்பத்தாருக்குச் சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கவோ, தான் ஆதரிக்க நினைக்கிறவங்களுக்குக் கொடுக்கவோ, தர்ம காரியத்துக்கோ எழுதுற, உயில் அல்லாத ஆவணம்.

உயில் அல்லாதங்கிற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கோங்க. உயில், எழுதினவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். இடையில எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். செட்டில்மென்ட் பதிவான உடனே சொத்து கை மாறிடும். வாங்கினவர் ஏத்துக்கிட்ட பிறகு, "மனசு மாறிடுச்சு"ன்னு கொடுத்தவர் தன்னிச்சையா ரத்து பண்ண முடியாது.

பல பெற்றோர் இதுல மாட்டிக்கிறது செலவுக் கணக்கைப் பார்த்து. தமிழ்நாட்டுல குடும்ப உறுப்பினர்களுக்குள்ள எழுதுற செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில மாத்தின கட்டணம். 50 லட்சம் மதிப்புள்ள வீடுன்னா மொத்தமே 50,000-ல முடியும். அதே வீட்டை விற்பனைப் பத்திரமா எழுதினா 7% தீர்வை, 2% பதிவுக் கட்டணம், ஆக 4.5 லட்சம். வித்தியாசம் பெரிசுதான். இந்தச் சலுகைக்கு யார் யார் குடும்பம்னு பட்டியலே இருக்கு: அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப் பிள்ளைகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அந்தப் பட்டியலுக்கு வெளியில இருக்கிற உறவுக்கு எழுதினா இந்தச் சலுகை இல்லை. கட்டணங்கள் அப்பப்போ மாறும், எழுதுற நாள்ல பதிவுத்துறை இணையதளத்துல ஒரு தடவை சரி பார்த்துடுங்க.

செலவு குறைவுங்கிறதுக்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். இருக்கிற ஒரே வீட்டை முழுசா எழுதிக் கொடுத்துட்டு, நாளைக்கு அதே வீட்டுல விருந்தாளி மாதிரி நிற்கிற நிலைமை எந்த அப்பா அம்மாவுக்கும் வரக் கூடாது. அதனால:

• "என் ஆயுள் வரைக்கும், என் மனைவி ஆயுள் வரைக்கும் இந்த வீட்டுல குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எங்களுக்கு உரிமை உண்டு"ன்னு ஆயுள்கால அனுபவ உரிமையை வச்சுக்கிட்டு எழுதலாம்.
• "எங்களைப் பராமரிக்கணும்"ங்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதுங்க. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன்படி, அந்த நிபந்தனையோட சொத்தை வாங்கிக்கிட்டுப் பராமரிக்காம விட்டா, தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாதுன்னு அறிவிக்கலாம். தமிழ்நாட்டுல கோட்டாட்சியர் கிட்ட இதுக்கு மனு கொடுக்கலாம்.
• "அன்பின் காரணமாக"ன்னு மட்டும் எழுதிட்டு, நிபந்தனையை வாய்ப்பேச்சுல விட்டா, அப்புறம் கோர்ட்ல வாதாட வேண்டியிருக்கும். ரெண்டு வரி கூட எழுத ஆகுற செலவு ஒண்ணும் இல்லை.
• பூர்வீகச் சொத்துல மத்தவங்களுக்கும் பங்கு இருக்கும். முழுசையும் ஒருத்தருக்கு எழுத முடியாது. வக்கீல்கிட்ட காட்டிட்டு எழுதுங்க.

வாங்குற பக்கம் இருக்கிறவங்களுக்கு: பத்திரம் பதிஞ்சதோட நிறுத்திடாம பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாத்தையும் பெயர் மாத்துங்க.

இதே சொத்து விஷயத்துல இன்னொரு செட்டில்மென்ட்டும் வரும். மனை வாங்கும்போது வக்கீல் "செட்டில்மென்ட் ரெஜிஸ்டர் நகல் வேணும்"பார். யாரோ தானம் எழுதின பத்திரம்னு நினைச்சு வித்தவர்கிட்ட கேட்டுக் குழம்பாதீங்க. அது வருவாய்த்துறை கணக்கு. வெள்ளைக்காரன் காலத்துல ஒவ்வொரு நிலத்துக்கும் அளவு எடுத்து, வகை பிரிச்சு, வரி எவ்வளவுன்னு நிர்ணயம் பண்ணினதுக்கு செட்டில்மென்ட்னு பேர். தமிழ்ல நிலவரித் திட்டம். 1793-ல வங்காளத்துல காரன்வாலிஸ் கொண்டு வந்த ஜமீன்தாரி முறைக்கும், சென்னை மாகாணத்துல தாமஸ் மன்றோ பரப்பின ரயத்துவாரி முறைக்கும் இதே வார்த்தைதான். அந்த நிலம் ஆதியில பட்டா நிலமா, புறம்போக்கான்னு அந்தப் பதிவேடு காட்டும். அதனாலதான் வக்கீல் கேட்கிறார்.

3. இன்சூரன்ஸ்: கிளெய்ம் செட்டில்மென்ட்

இங்க "செட்டில்மென்ட்"னா கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்து கணக்கை முடிக்கிறது. டேர்ம் பாலிசி விளம்பரங்கள்ல "கிளெய்ம் செட்டில்மென்ட் விகிதம் 98%"னு பெரிசா போட்டிருப்பாங்க. வந்த 100 கிளெய்ம்ல 98-க்குப் பணம் கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

நல்ல எண்தான். ஆனா அது எண்ணிக்கை, தொகை இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 98 பேரோட பாலிசி தலா 5 லட்சம், எல்லாம் கொடுத்தாச்சு. அது 4.9 கோடி. மறுத்த ரெண்டும் தலா 1 கோடி பாலிசி. அது 2 கோடி. மொத்தம் 6.9 கோடியில கொடுத்தது 4.9 கோடி, அதாவது 71%. எண்ணிக்கையில 98, தொகையில 71. நீங்க எடுக்கப் போறது 1 கோடி பாலிசின்னா ரெண்டாவது எண்தான் உங்களுக்கு முக்கியம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்து, ஒரு வருஷத்தோட நிறுத்தாம மூணு நாலு வருஷத்துக்குப் பாருங்க.

மெடிக்கல் இன்சூரன்ஸ்ல இன்னொரு நுணுக்கம். 2 லட்சம் ஆஸ்பத்திரி பில்லுக்கு 1.3 லட்சம் கொடுத்தாலும் அது "செட்டில்" ஆன கிளெய்ம்தான். மீதி 70,000-ஐ எதுக்காகக் கழிச்சாங்கன்னு காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க. ரூம் வாடகை வரம்பா, பாலிசியில வராத பொருளா, இல்ல தப்பா கழிச்சிருக்காங்களான்னு அப்போதான் தெரியும். பதில் திருப்தி இல்லைன்னா கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்.

ஆயுள் காப்பீட்டுல விசாரணை தேவைப்படாத மரண கிளெய்மை 15 நாள்லயும், விசாரணை தேவைன்னா 45 நாள்லயும் முடிக்கணும்ங்கிறது 2024-ல காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன கெடு. பாலிசி போட்டு 3 வருஷம் தாண்டினா, இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 45-ன்படி கம்பெனி அந்த பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. ஆனா அந்த 3 வருஷத்தை நம்பி சர்க்கரை, பிரஷரை மறைக்காதீங்க. உண்மையை எழுதின படிவம் குடும்பத்துக்குப் பிரச்சனை இல்லாம பணம் வாங்கிக் கொடுக்கும்.

"செட்டில்மென்ட் ஆப்ஷன்"னு பாலிசியில பார்த்தா பயப்படாதீங்க. வர வேண்டிய பணத்தை மொத்தமா வாங்காம தவணையா வாங்கிக்கிற வசதி அது. பெரிய தொகையைக் கையாளப் பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு யோசிக்கலாம். முடிவெடுக்கும் முன்னாடி, அதே பணத்தை பேங்க்ல போட்டா என்ன வட்டின்னு ஒப்பிட்டுப் பாருங்க.

4. வேலை: ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்

வேலையை விடும்போது கம்பெனி போடுற கடைசிக் கணக்கு. வர வேண்டியது: கடைசி மாசச் சம்பளம், எடுக்காத லீவுக்கான பணம், போனஸ் பாக்கி, கிராஜுவிட்டி. கழியறது: நோட்டீஸ் காலம் குறைஞ்சதுக்குப் பிடித்தம், அட்வான்ஸ், வருமான வரி.

2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையை விட்டவரோ நீக்கப்பட்டவரோ, சம்பளப் பாக்கியை 2 வேலை நாளுக்குள்ள கொடுக்கணும்னு சொல்லுது. "45 நாள் ஆகும், அதுதான் கம்பெனி வழக்கம்"னு ஹெச்.ஆர். சொன்னா இதை மரியாதையா ஞாபகப்படுத்தலாம்.

கிராஜுவிட்டிக்கு நீங்களே கணக்கு போடுங்க. கடைசியா வாங்கின அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000, சர்வீஸ் 8 வருஷம்னா: 26,000-ஐ 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, 8-ஆல பெருக்கணும். 1,20,000 ரூபாய் வரும். கம்பெனி கொடுத்த தாள்ல அதை விடக் குறைவா இருந்தா கேளுங்க.

அந்தத் தாளோட கடைசியில "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துடுச்சு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும். பேர்லயே "ஃபைனல்" இருக்கிறது இதுக்குத்தான். பணம் கணக்குல வந்து, ஒவ்வொரு வரியும் சரி பார்த்த பிறகு கையெழுத்து போடுங்க. முன்னாடியே போட்டுத்தான் ஆகணும்னா, "மேலே உள்ள தொகை வந்து சேர்வதற்கு உட்பட்டு"ன்னு பக்கத்துல எழுதிட்டுப் போடுங்க.

பி.எஃப். இந்தக் கணக்குல வராது. அது தனியா உங்க பேர்ல இருக்கு. வேலை மாறினா எடுத்துச் செலவு பண்ணாம புதுக் கம்பெனி கணக்குக்கு மாத்திக்கோங்க.

5. ஷேர் மார்க்கெட், கடை கண்ணி

இது சின்ன பகுதி. ஷேர் வாங்கினா விற்றா, ஷேரும் பணமும் நிஜமா கை மாறுறதுக்குத்தான் இங்க செட்டில்மென்ட்னு பேர். 2023 ஜனவரி 27 முதல் இந்தியாவுல எல்லா ஷேருக்கும் டி பிளஸ் 1. திங்கள்கிழமை வித்தா செவ்வாய்க்கிழமை பணம். வெள்ளிக்கிழமை வித்தா திங்கள். நடுவுல விடுமுறை வந்தா ஒரு நாள் தள்ளும். திங்கள்கிழமை ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்னா வெள்ளிக்கிழமை வித்துட்டுத் தவிக்காதீங்க.

நீங்க கேட்காமலே திடீர்னு ஒரு நாள் புரோக்கர் கணக்குல இருந்த பணம் பேங்குக்கு வந்துடுச்சா? பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கிற பணத்தை, நீங்க தேர்ந்தெடுத்தபடி மாசத்துக்கு ஒரு தடவையோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ திருப்பி அனுப்பணும்னு செபி விதி. புரோக்கர் உங்க பணத்தை வேற எதுக்கும் பயன்படுத்திடக் கூடாதுங்கிற பாதுகாப்பு அது.

கடை வச்சிருக்கிறவங்களுக்கு: க்யூ.ஆர். ஸ்பீக்கர் "பணம் வந்துவிட்டது"ன்னு சொன்னாலும், சில ஆப்கள்ல பணம் உங்க பேங்க் கணக்குக்கு வர்றது அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோதான். அதுதான் அந்த ஆப்ல காட்டுற செட்டில்மென்ட். தினமும் விற்பனைத் தொகையையும் பேங்க்ல வந்த தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்க.

கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டிய மூணு கேள்வி

எந்தத் தாள்ல "செட்டில்மென்ட்"ங்கிற வார்த்தையைப் பார்த்தாலும் இந்த மூணையும் கேளுங்க:

1. முழுத் தொகைக்கு முடியுதா, குறைச்ச தொகைக்கு முடியுதா? குறைச்சதுன்னா மீதியோட கதி என்ன?
2. கையெழுத்து போட்ட பிறகு திரும்பப் போக வழி இருக்கா? சொத்துல கிட்டத்தட்ட இல்லை. கடன்ல மீதியைக் கட்டினா பேசிப் பார்க்கலாம். இன்சூரன்ஸ்ல புகார் கொடுக்கலாம்.
3. முடிஞ்சுதுன்னு காட்ட என் கையில என்ன தாள் இருக்கும்? கடனுக்கு பாக்கி இல்லைச் சான்று, சொத்துக்குப் பதிவான பத்திரமும் பட்டாவும், இன்சூரன்ஸுக்கு கழிவு விவரக் கடிதம், வேலைக்குக் கணக்குத் தாள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. இந்தியாவுல சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கிரெடிட் தகவல் நிறுவனம் இருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும். அதுல ஒண்ணை எடுத்து, பழைய கடன் ஒவ்வொண்ணுக்கும் நேரா என்ன போட்டிருக்குன்னு பாருங்க. முழுசா கட்டின கடனுக்கு "செட்டில்டு"ன்னு தப்பா போட்டிருந்தா, பாக்கி இல்லைச் சான்றோட அந்த நிறுவனத்துலயும் பேங்க்லயும் புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா, அதுக்கு மேல ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

வீட்டுல யாராவது "செட்டில்மென்ட்ல முடிச்சிடலாம்னு போன் வந்துச்சு"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்பிடுங்க. ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு சந்தேகம் வந்தா கமென்ட்ல கேளுங்க. ஆனா கணக்கு எண், பான் எண்ணை மட்டும் அங்கே போடாதீங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.